ஐந்தாம் பதிப்பும் ஆறாம் பதிப்பும்

"அன்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்" என்று படித்தான் வேம்புலி. "அப்பால இன்னாவோ கீதுக்கா. ரெண்டு கோடு, ஒரு பேரு, மறுபடி ரெண்டு கோடு. படா நீளமா போய்கினே கீது."

"நீ கடைசி வரியப் படிச்சிட்டிருக்க. மேல போ. மொதமொத அது என்ன சொல்லிச்சு?"

அவன் விசையைத் தட்டித் தட்டித் திரையை மேலே ஏற்றும் சத்தம் கேட்டது. சாராள் நாற்காலியின் கைப்பிடியைத் தடவியபடி காத்திருந்தாள். எழுதிய வரிகளை ஓடும் நிரலாக மாற்ற, அதாவது கம்பைல் செய்யும்போது வரும் பிழைகளில் முதலாவதுதான் உண்மையான பிழை, மற்றவை அது விழுந்ததால் சரிந்தவை என்பது அவளுக்குத் தெரியும். பார்வை இருந்தபோது திரை முழுக்கப் பிழை நிரம்பி வழிந்தாலும் அவள் கண் நேராக முதல் வரிக்குப் போய் நிற்கும். இப்போது அந்தத் திரையை வேம்புலியின் வாய்வழியாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது. அவனோ சலிப்பு வந்தால் நடுவில் நாலைந்து வரிகளை விழுங்கிவிடுகிற ஆள்.

ஆவடியில் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் முதல் மாடி அது. சனிக்கிழமை காலை. மே மாதத்து வெக்கையில் மின்விசிறி சுவரையும் சேர்த்துச் சூடாக்கிக்கொண்டிருந்தது. கணவன் ஜோசப்ராஜ் ஓவர்டைம் பார்க்கப் போயிருந்தான். அலுவலகத்தில் ஒதுக்கிப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றை முந்தின வாரம் வேம்புலி ஆட்டோவில் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜை மேல் வைத்துவிட்டுப் போயிருந்தான். அன்றிலிருந்து ஜோசப்ராஜ் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான். தட்டைத் தரையில் வைக்கும்போது கொஞ்சம் ஓங்கி வைத்தான்.

மண்ணூர்பேட்டையில் கலியமூர்த்தி நடத்தும் சிறிய நிறுவனத்தில் சாராள் நிரல் எழுதிக்கொண்டிருந்தவள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருக்கும் பட்டறைகளுக்கு எந்தச் சரக்கு எவ்வளவு வந்தது, எவ்வளவு போனது என்று கணக்கு வைக்கும் நிரல் ஒன்றை அவள் ஒருத்தியாகவே எழுதியிருந்தாள். கலியமூர்த்தியின் அலுவலகம் ஓடுவதே அந்த ஒரு நிரலால்தான் என்று ஊழியர்கள் பேசிக்கொள்வார்கள். பிறகு அவளுடைய இடது கண்ணில் ஒருநாள் திரைச்சீலை இறங்குவதுபோல் ஓரத்திலிருந்து கறுப்பு இறங்கியது. விழித்திரை பிய்ந்துகொண்டது என்றார்கள். அறுவை சிகிச்சை செய்தார்கள், நிற்கவில்லை. அடுத்த வருடம் வலது கண். விடுப்பு நீண்டது, நீண்டு அதுவே வாழ்க்கையாகிவிட்டது. நிரலைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு உடன் வேலை பார்த்த வேம்புலி தலையில் விழுந்தது. மெஷின்களைப் பூட்டுவதிலும் கழற்றுவதிலும் கெட்டிக்காரன்தான், ஆனால் இன்னொருத்தர் எழுதியதற்குள் நுழைவது அவனுக்கு இருட்டில் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில் தீப்பெட்டி தேடுவது மாதிரி இருந்தது. இரண்டு பட்டறைகளில் கணக்கு உதைத்த பிறகு அவன் நேரே ஆவடிக்கு வந்தான்.

"பேசற நிரல் ஒண்ணு கீதாம்க்கா. சி.டி.ல வந்துகீது. யார்னா எட்து கம்பைல் பண்ணிக்கலாம், காசில்ல. ஸ்க்ரீன்ல கீறத அப்டியே படிச்சுக் காட்டுமாம்" என்று அவன் சொன்ன அன்று, அவன் போன பிறகு, அவள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் நின்றாள்.

ஆனால் பேசும் நிரல் லேசில் மசியவில்லை. எல்லா நிரல்களும் பொதுவாக எடுத்துக்கொள்ளும் அடிப்படை லைப்ரரி ஒன்று, அந்தக் கம்ப்யூட்டரை இயக்கிய லினக்ஸில் உண்டு. கம்ப்யூட்டரில் இருந்தது அதன் ஐந்தாம் பதிப்பு. பேசும் நிரலுக்கு ஆறாம் பதிப்பு வேண்டும். ஆறை ஏற்றிவிட்டு ஐந்தை எடுத்துவிடலாம் என்றால் சாராளின் சரக்கு நிரல் ஓடாது. அதற்குள் அவள் ஒரு கம்பெனியிடம் வாங்கிச் சேர்த்த பகுதி ஒன்று இருந்தது. அதன் மூலவரிகள் அவர்களிடம் கிடையாது. மறுபடி கம்பைல் செய்ய வழியில்லை. கேட்கலாமென்றால் அந்தக் கம்பெனியே இப்போது இல்லை. அது ஐந்தோடு பிறந்தது, ஐந்தோடுதான் ஓடும். குரல் வேண்டுமானால் ஆறு வேண்டும். வேலை வேண்டுமானால் ஐந்து வேண்டும். குரல் இல்லாமல் அவளால் வேலை செய்ய முடியாது, வேலை இல்லாவிட்டால் அந்தக் குரல் எதற்கு?

முந்தின நாள் சாயங்காலம் இதை ஜோசப்ராஜுக்கு விளக்கப் பார்த்தாள். அவன் ஃபிட்டர்.

"உங்க வேலையில இஞ்ச் மரையும் மில்லிமீட்டர் மரையும் இருக்குல்லா? பாக்க ஒண்ணு மாதிரியே இருக்கும். தப்பான நட்ட மாட்டினா ஒரு சுத்து ஏறும், ரெண்டு சுத்து ஏறும்."

"மூணாவது சுத்துல மரை போயிரும்" என்றான் அவன்.

"அதேதான். ரெண்டு பதிப்புலயும் ஒரே பேர்ல துண்டு துண்டா சாமான் இருக்கு. அஞ்சோட சாமான ஆறு எடுத்து மாட்டிக்கிடுது. ஓடுத மாதிரி ஓடி விழுந்துருது."

"இவ்வளவு மல்லுக்கட்டி என்னத்துக்கு சாராளு? நமக்கு என்ன கொறச்சல்?" என்றான். கோபமாகச் சொல்லியிருந்தால் அவளும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பாள். அவன் கெஞ்சுகிற மாதிரி சொன்னான்.

வேம்புலி முதல் பிழையைக் கண்டுபிடித்துப் படித்தான். அவள் நினைத்தது சரிதான். கணக்குச் சார்புகளுக்கான துண்டை ஐந்தாம் பதிப்பிலிருந்து எடுத்துக்கொண்டு, மற்றதையெல்லாம் ஆறிலிருந்து எடுத்திருந்தது.

"ரெண்டும் ஒரே எடத்துல கெடக்க வரைக்கும் இப்படித்தான்" என்றாள். "பழசுக்குத் தனியா ஒரு டைரக்டரி போடு. பழைய சாமான் எல்லாம் அங்க போகட்டும். சரக்கு நிரல் ஓடும்போது மட்டும் அங்க போய்த் தேடச் சொல்லுவோம். மத்ததுக்கெல்லாம் புதுசு."

"அத்தான் கரீட்டு." தட்டிக்கொண்டே அவன் சொன்னான், "இது மட்டும் ஓடிச்சின்னு வெய்யி, நானே சார் கைல பேசறேன். ஜோசப்பண்ணன் வந்து அந்த மாதிரி சொன்னதுலர்ந்து அவரு உன் சீட்டுக்கு ஆள் பாத்துகினு கீறாரு."

மின்விசிறி சுற்றியது. கீழே யாரோ துணி துவைக்கும் கல்லில் அடித்தார்கள்.

"எந்த மாதிரி சொன்னாங்க?"

வேம்புலியின் விரல்கள் நின்றுவிட்டன.

"வேம்புலி."

"உனுக்குத் தெர்யும்னு நென்ச்சேன்க்கா. பொங்கலுக்கு முன்னாடி வந்தாரு. நீ இனிமே வேலைக்கு வரமாட்ட, உனுக்கே இஷ்டம் இல்லேன்னு சார் கைல சொல்ட்டுப் போனாரு." அவன் குரல் தணிந்தது. "நான் ஒரு லூசு. வாய வெச்சுகினு சும்மா கீறதில்ல."

பொங்கலுக்கு முன்னால். அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அந்த நாட்களில்தான் அவள் தினம் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, "ஆபீஸ்லேருந்து யாராவது உங்களப் பாத்தாகளா, ஏதாவது சொன்னாகளா?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். யாரையும் பார்க்கவில்லை என்று ஜோசப்ராஜும் தினம் சொன்னான். கலியமூர்த்தி சார் தன்னை மறந்துவிட்டார், குருடியை வைத்து என்ன செய்வது என்று கைகழுவிவிட்டார் என்று அவள் தனக்குள் தீர்ப்பு எழுதிக்கொண்டது அப்போதுதான். ஜெபக்கூட்டத்தில் கண்ணை மூடியிருந்த நேரமெல்லாம் அந்த மனுஷரை மன்னிக்கத் தெம்பு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் தப்பே செய்யவில்லை.

"எக்கா, பழசு எல்லாத்தயும் நகத்திரவா?" என்று வேம்புலி எதையாவது பேசியாக வேண்டுமே என்பதுபோல் கேட்டான்.

"நகத்து" என்றாள்.

சொல்லி முடித்த மறுகணமே செய்யக் கூடாதது என்று உறைத்தது. "எல்லாத்தையும் இல்ல, இரு" என்று அவள் கையை நீட்டுவதற்குள் என்டர் விசை விழுந்த சத்தம் கேட்டுவிட்டது.

"இன்னாக்கா இது? ஒண்ணும் வேலைக்காவல. லிஸ்ட் கேட்டா, அப்டி ஒரு ஃபைலே இல்லன்றான். காப்பி கமாண்டும் இல்லன்றான். அட, நகத்துன கமாண்டே இல்லன்றான்பா. இப்பத்தான அடிச்சேன்!"

கம்ப்யூட்டரின் ஒவ்வொரு சின்னக் கட்டளையும் அந்தப் பழைய லைப்ரரியில்தான் நின்றுகொண்டிருந்தது. புதியதன்மேல் அவற்றைக் கட்டி முடிக்கும்வரை பழையது எங்கே போனது என்று காட்டும் இணைப்பு ஒன்றையாவது அந்த இடத்தில் விட்டுவைக்க வேண்டும். இதைச் சொல்ல மறந்தது வேம்புலியின் தப்பில்லை. அவள் மனம் அந்த நேரத்தில் இங்கே இல்லை. கட்டளைகள் எல்லாம் அதனதன் இடத்தில் பத்திரமாக இருந்தன. அவற்றைக் கைபிடித்துக் கூட்டிவரும் சின்னக் கோப்புதான் இடம் மாறிப் போய்விட்டது. அதனால் எதைக் கூப்பிட்டாலும் அப்படி ஒன்று கிடையாது என்றே பதில் வந்தது.

"சரி, ஒரு தபா ஆஃப் பண்ணி ஆன் பண்றேன்."

"தொடாத!"

அவள் பாய்ந்து பிடித்தது அவன் மணிக்கட்டை. காப்பித் தம்ளர் உருண்டு தரையில் விழுந்தது. "ஆஃப் பண்ணா திரும்ப எந்திரிக்காது. இப்ப ஓடுறது ஓடிட்டிருக்கட்டும்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். நாற்காலியில் சாய்ந்து, பார்வை போன நாளிலிருந்து பிடிவாதமாகத் தவிர்த்துவந்த ஒன்றைச் செய்தாள். கண்ணால் பார்த்ததை நினைவிலிருந்து எடுத்தாள். அதைச் செய்யவே அவளுக்குப் பயம். எடுக்க எடுக்க அவை வெளுத்துக்கொண்டு வந்தன. ஜோசப்ராஜின் முகத்தையே அவள் அடிக்கடி எடுப்பதில்லை. கல்யாணத்தன்று இருந்த முகம் எது, போன வருடத்து முகம் எது என்று கலங்க ஆரம்பித்திருந்தது. இப்போது அவள் தேடியது ஒரு பக்கத்தை. முதன்முதலாக லினக்ஸ் வந்த காலத்தில், மண்ணூர்பேட்டை அலுவலகத்தில், கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாகப் படித்தது. ஜன்னல் வெளிச்சம் திரையில் விழுந்து கண்ணைக் கூசவைத்ததால் எழுந்துபோய்த் திரைச்சீலையை இழுத்துவிட்டு வந்து படித்தாள். நீலப் பூப்போட்ட திரைச்சீலை. பக்கத்தின் கீழ்ப்பாதியில், லைப்ரரியே காணாமல் போனால் என்ன செய்வது என்று ஒரு பத்தி இருந்தது. எந்த லைப்ரரியையும் நம்பாத கட்டளை ஒன்று. தனக்கு வேண்டியதை எல்லாம் தன் வயிற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருப்பது.

"எஸ், எல், என்" என்றாள். "எஸ்பின் டைரக்டரிக்குள்ள இருக்கும். முழுப் பாதையும் சொல்லுதேன், அடி. என்டர் தட்டாத. அடிச்சத எனக்கு ஒவ்வொரு எழுத்தா திருப்பிச் சொல்லு."

அவன் அடித்தான். எழுத்தெழுத்தாகச் சொன்னான். ஒரு இடத்தில் புள்ளி விட்டுப்போயிருந்தது, திருத்தச் சொன்னாள். முதலில் நிரல்களைக் கைபிடித்துக் கூட்டிவரும் அந்தச் சின்னக் கோப்புக்கு ஒரு இணைப்பு. பிறகு லைப்ரரிக்கு.

"இப்ப தட்டு. அப்புறம் லிஸ்ட் கேளு."

அவன் பெருமூச்சுதான் முதலில் வந்தது. "வந்துட்ச்சுக்கா. எல்லாம் வந்துட்ச்சு." நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தவன், உடைந்த குரலில், "தொடப்பம் எங்க கீது? காப்பி கொட்டிட்ச்சு" என்றான்.

அதன் பிறகு அவர்கள் அவசரப்படவில்லை. பழசும் புதுசும் தனித்தனி இடத்துக்குப் போயின. கம்பைல் செய்யும்போது எந்த இடத்தில் தேட வேண்டும் என்று ஒவ்வொரு வரியிலும் எழுதவைத்தாள். இன்னும் பிழைகள் வந்தன. ஒன்று போனால் வேறொன்று வந்தது. ஆனால் ஒவ்வொரு முறையும் அந்த முதல் பிழை நிரலின் இன்னும் கொஞ்சம் தள்ளிய இடத்திலிருந்து வந்தது. வேம்புலி மத்தியானம் சாப்பிடப் போகவில்லை. அவள் புளிச்சாதமும் அப்பளமும் வைத்தாள். தட்டுகளைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார்கள்.

வெயில் தணிகிற நேரத்தில் அது பேசியது. கரகரத்த ஆண்குரல். மூக்கடைத்த வெள்ளைக்காரன் ஒருவன் கிணற்றுக்குள்ளிருந்து படிப்பதுபோல் இருந்தது. வேம்புலி தன் பெயரை அடித்துக் கேட்டு, அது செய்த உச்சரிப்புக் கொலையில் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சரக்கு நிரலைத் திறந்தான். அவள் எழுதிய தலைப்பை, அவள் வரிசைப்படுத்திய தேர்வுகளை, அது ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனது. ஸ்டாக் என்ட்ரி. இஷ்யூ. ரிட்டர்ன். சாராள் சிரிக்கவில்லை. முகத்தைக் குரல் வரும் பக்கம் திருப்பி, யாரோ தூரத்து உறவினர் ஊர்ச்செய்தி சொல்வதைக் கேட்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை கலியமூர்த்தி வந்தார். வேம்புலி போய் என்ன சொன்னானோ, கையில் பழப்பையோடு வந்து, தயங்கித் தயங்கி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஜோசப்ராஜுக்கு அன்று மத்தியான ஷிப்ட். அவன் வீட்டில்தான் இருந்தான். காப்பி போடுகிறேன் என்று சமையலறைக்குள் போனவன் வெளியே வரவில்லை.

கணக்கு உதைத்த பட்டறைகளின் விவரத்தைக் கலியமூர்த்தி சொன்னார். திரும்பி வந்த சரக்கை நிரல் இரண்டு தடவை சேர்த்துக்கொள்கிறது. சாராள் அந்தக் குரலைப் படிக்கவைத்து, நிறுத்தி, மறுபடி படிக்கவைத்துத் தேடினாள். பழைய வேகம் இல்லை. ஒரு தடவை வழிதவறி வேறெங்கோ போய்விட்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி வந்தாள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாரோ என்று அவளுக்குத் தெரிய வழியில்லை. கடைசியில் வேம்புலி சேர்த்திருந்த ஒரு வரி அகப்பட்டது. அதை எடுத்துவிட்டு, ஓட்டிக் காட்டினாள்.

அவர் தொண்டையைச் செருமினார். "உங்களுக்கே விருப்பம் இல்லன்னு உங்க வீட்டுக்காரர் சொன்னார்ம்மா. அதான் நானும் தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு…"

சமையலறையில் ஸ்டவ் எரியும் சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"அது அவுக பயத்துல சொன்னது" என்றாள் சாராள். "நான் சொல்லலியே சார்."

"அப்போ ஒண்ணாந்தேதிலேருந்து வாங்க. கொஞ்ச நாள் பார்ப்போம். என்னால உறுதியா எதுவும் சொல்ல முடியாது. ஆனா வாங்க."

அவர் இறங்கிப் போன பிறகு ஜோசப்ராஜ் காப்பியோடு வந்தான். ஆறிப்போயிருந்தது. அதை அவள் கையில் கொடுத்துவிட்டு எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"தெனம் கேட்டேன்லா" என்றாள் அவள். "யாராவது பாத்தாகளான்னு தெனம் கேட்டேன். ஒரு நாளாவது சொல்லணும்னு தோணலியா உங்களுக்கு?"

"அம்பத்தூர் ஸ்டேஷன்ல, உனக்கு வலது கண்ணும் மங்க ஆரம்பிச்ச சமயம். நீ பிளாட்பாரம் முடிஞ்சது தெரியாம காலத் தூக்கிட்ட. நான் முடியப் பிடிச்சு இழுத்தேன். வலிக்குன்னு என்ன ஏசுன."

"ஞாபகம் இருக்கு."

"அந்த ரயிலு வந்தத நீ பாக்கல சாராளு. நான்லா பாத்தேன்." அவன் குரல் ஒரே சீராக இருந்தது. "இப்பவும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஷிப்ட்ல நிக்கும்போது வருது. சாப்பிட ஒக்காந்தா வருது. நீ வீட்டுல இருக்கன்னு தெரிஞ்சாத்தான் கை வேலையில நிக்குது."

அதைக் கேட்டதால் அவன் செய்தது பொறுக்கக்கூடியதாக ஆகிவிடவில்லை. ஆறிய காப்பியை அவள் முழுக்கக் குடித்தாள். அவன் எழுந்து சட்டை மாட்டிக்கொண்டு ஷிப்டுக்குப் போனான். போகும்போது கதவை மெதுவாகச் சாத்தினான்.

மூன்றாம் நாள் காலையில் அவன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறுவதும், அலமாரி மேல் பெட்டிகளை நகர்த்துவதும் கேட்டது. ஆஸ்பத்திரியில் கொடுத்த வெள்ளைக் கழியைத் துணியால் துடைத்து அவள் கையில் வைத்தான். இதுவரை அவள் அதைத் தொட்டதே இல்லை.

"பஸ் ஸ்டாப் வரைக்கும் நட. நான் பிடிக்க மாட்டேன். பின்னால வாரேன்."

படிகளை அவள் சுவரைத் தொட்டுக்கொண்டு இறங்கினாள். குவார்ட்டர்ஸ் ரோட்டில் வேப்பம்பூ உதிர்ந்து கிடந்த வாசனை. கழி தார்ரோட்டில் பட்டு, ஓரத்து மண்ணில் பட்டு, மறுபடி ரோட்டுக்கு வந்தது. யாரோ சைக்கிளில் மணியடித்து ஒதுங்கிப் போனார்கள். பின்னால் அவன் செருப்புச் சத்தம் கூடவே வந்தது, அவள் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. மெயின் ரோட்டின் இரைச்சல் எதிரே சுவர்போல எழும்பி நின்றது. லாரிகள், பஸ்ஸின் ஹாரன், கண்டக்டர் கத்தும் குரல்.

அவள் இன்னும் கொஞ்சம் நடந்தாள். அப்போதுதான் பின்னால் செருப்புச் சத்தம் இல்லாததைக் கவனித்தாள். அவள் நிற்காமலேயே அது நின்றிருந்தது. எவ்வளவு தூரத்தில் என்று தெரியவில்லை. திரும்பிக் கூப்பிடலாம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. வெயில் நெற்றியில் ஏறியிருந்தது. கழியை முன்னால் நீட்டினாள். கல் ஒன்று தட்டுப்பட்டது, அதைத் தாண்டி ரோட்டின் விளிம்பு, பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். அங்கே கழியை ஊன்றிக்கொண்டு, இரைச்சலுக்குள் எங்காவது ஒரு இடைவெளி விழுகிறதா என்று காதுகொடுத்து நின்றாள்.